வண்டியில் உறங்கும் வைத்தியன்

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் டாக்டர் பல் பார்ப்பதில்லை. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவில் மடக்கு மேசையைப் போட்டு, பகடை உருட்டிக் கதைக்குள் நடிக்கும் ஆட்டத்தைத் தொடங்குவோம். கதையை நடத்துவது டாக்டர். பூதம் பேசினாலும் வழிப்போக்கன் பேசினாலும் அவர் குரல்தான். நாங்கள் ஆளுக்கொரு வேடம். அக்காவின் கணவர் வாள்வீரன். கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் சுருட்டைக்குத் திருடி வேடம். நான் மந்திரவாதி.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வாரம் முழுக்க வாய் திறக்காமல் வேலை செய்கிறவள் நான். இங்கே வந்து தீயை வரவழைப்பேன். அதையும் மெதுவாகத்தான் சொல்வேன்.

"கொஞ்சம் சத்தமா எரிய விடு மச்சினிச்சி, பூதத்துக்குக் காது கேக்கலையாம்" என்பார் அத்தான்.

இன்னொரு ஆளும் இருந்தான். நெட்டை. அவன் வேடம் வைத்தியன். போன மழைக்காலத்தில் வேலை கிடைத்து வேறு நாட்டுக்குப் போய்விட்டான்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வர முடியாவிட்டால், அவருடைய ஆள் வண்டியில் தூங்குவார். காய்ச்சலோ கல்யாணமோ, எதுவானாலும் வண்டி. வராதவரைச் சாகடிப்பதில்லை, விட்டுவிட்டுப் போவதும் இல்லை. அப்படித்தான் நெட்டையின் வைத்தியனும் தூங்கிக்கொண்டிருந்தான். மலை ஏறும்போதும் ஆற்றைக் கடக்கும்போதும் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனோம்.

"இவன் தூங்குறான், எனக்கு முதுகு வலிக்குது" என்று அத்தான் முனகுவார். ஆனாலும் இழுப்பார்.

பூதம் காவல் காக்கும் பாலத்தை நெருங்கிய வாரம் சுருட்டையின் திருடி சாகக் கிடந்தாள். காயத்தை ஆற்ற எங்களில் யாருக்கும் தெரியாது. பகடை தயவில் பிழைத்தாள்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த வாரம் எல்லாருக்கும் ஒரு லெவல் ஏறுது. யாராவது ஒருத்தர் வைத்தியம் எடுத்துக்குங்க. இல்லைன்னா பாலத்தோட கதை முடிஞ்சுது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மந்திரம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"எடுத்துக்கிட்டா... வண்டி?" என்றேன்.

"புது வைத்தியர் வந்தப்புறம் வண்டி எதுக்கும்மா? வழியில ஒரு சத்திரம் இருக்கு, அங்க படுக்க வச்சிடலாம்."

"பாவம், சத்திரக்காரன்" என்றார் அத்தான்.

"யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு கதை கொண்டு வரணும், ஞாபகம் இருக்கட்டும்" என்றார் டாக்டர். அது அவருடைய சட்டம். புது வித்தை சும்மா வராது, கற்ற கதையை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்.

நான் அப்போது நாலாவது லெவல். அடுத்ததையும் மந்திரவாதியிலேயே போட்டால், தூரத்துக்குக் குரல் அனுப்பும் மந்திரம் கிடைக்கும். நமக்குத் தெரிந்த ஒருவர் எந்த நாட்டில் இருந்தாலும் அவர் காதில் சில சொற்கள் போய்ச் சேரும். கைப்பேசியில் இதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். ஆனாலும் அந்த மந்திரத்துக்குத்தான் காத்திருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் ஒரு குறுக்குவழி தோன்றியது. இரண்டு வித்தைகளின் லெவலையும் கூட்டித்தானே மந்திர வலுவைக் கணக்கிடுகிறார்கள்? நாலும் ஒன்றும் ஐந்து. அப்படியென்றால் வைத்தியமும் கிடைக்கும், அந்தப் பெரிய மந்திரமும் கிடைக்கும்.

சரிதானா என்று நெட்டையிடம் கேட்டு எழுதினேன். ஆட்டத்தின் விதிகள் அவனுக்கு அத்துப்படி. அவன் போனதிலிருந்து விதிகளைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன். நீ என்று எழுதத் தைரியம் இல்லை, நீங்கள் என்று எழுத மனம் இல்லை. இரண்டும் வராமல் வாக்கியத்தை அமைப்பதற்குள் என் நிறுத்தம் தாண்டிவிட்டது.

மறுநாள் வேலையில் இருக்கும்போது பதில் வந்தது. ரத்த மாதிரிக் குழாய்களை இயந்திரத்தில் அடுக்கிச் சுழலவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தேன்.

"தப்பு. மந்திரம் வைக்கிற இடம், அந்த ஸ்லாட்டைத்தான் கூட்டணும், மந்திரத்தைத் தனித்தனியாப் பாக்கணும். நாலாவது லெவல் மந்திரவாதிக்கு என்ன தெரியுமோ அதுதான் தெரியும், முதல் லெவல் வைத்தியனுக்கு என்ன தெரியுமோ அதுதான் தெரியும். அதனால பெரிய ஸ்லாட் வரும், அதுல வைக்கிற அளவுக்குப் பெரிய மந்திரம் ஒண்ணும் இருக்காது. காலியாத்தான் இருக்கும். சின்ன மந்திரத்தை அதுல போட்டா வலு கூடும், அவ்வளவுதான். ஆனாலும் வைத்தியம் எடு. ஒரு லெவல் போதும், ரெண்டு வேணாம், அப்புறம் பெரிய மந்திரம் ரொம்பத் தள்ளிப்போயிடும். ஞானப் புள்ளி குறைஞ்சது பதிமூணு இருக்கணும். உனக்குப் பதினாலு."

'உனக்குப் பதினாலு' என்பதைப் பலமுறை படித்தேன். என் புள்ளியை அவன் மறக்கவில்லை.

அதன் கீழே இன்னும் கொஞ்சம் இருந்தது. "இங்கயும் ஒரு குழு கிடைச்சிருக்கு. அதே வைத்தியனைத்தான் ஆடறேன். பழகினவன், விட மனசு வரலை."

இயந்திரம் நின்றிருந்தது. குழாய்களை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன். மலையிலும் ஆற்றிலும் நாங்கள் இழுத்து வந்தவன் இன்னொரு மேசையில் எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறான். யார் யாருடைய காயத்தையோ ஆற்றுகிறான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

ஞாயிறு வந்தது.

"எடுத்துட்டியா?" என்றார் டாக்டர்.

தலையாட்டினேன்.

"யார் சொல்லிக் குடுத்தாங்க?"

மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "வண்டியில... அவன் பக்கத்துல காவலுக்கு உக்காருவேன். தூக்கத்துல முணுமுணுப்பான். மூலிகை பேரு, காயத்துமேல கை வச்சுச் சொல்ற மந்திரம், அந்த மாதிரி. முதல்ல ஒண்ணும் புரியலை. கேட்டுக் கேட்டு வந்துடுச்சு."

"என்னிக்காவது ஒருநாளா?" என்றாள் சுருட்டை.

"இல்ல. தினமும்."

"தினமுமா?"

"தினமும்."

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுருட்டை மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். என் காது சுட்டது.

"நல்லா இருக்கு" என்றார் டாக்டர். குரல் தணிந்திருந்தது. "சத்திரம் வந்துடுச்சும்மா. இறக்கிடலாமா?"

"வேணாம். எழுப்பறேன். காயம் ஆத்துற மந்திரத்தைப் பெரிய ஸ்லாட்டுல போடறேன்."

"ஏய், பாலத்துக்கு முன்னாடி அதைச் செலவழிக்காதே" என்றார் அத்தான். "தூங்குறவனுக்கு என்ன காயம்?"

"தெரியல அத்தான். போட்டுப் பாக்கறேன்."

மூன்று பகடைகளை உருட்டினேன். நன்றாகவே விழுந்தன.

டாக்டர் பகடைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நெட்டை போன பிறகு அவனுக்காக யாரும் பேசியதில்லை. டாக்டர் குரலை மாற்றிக்கொள்ளாமலே வைத்தியனாகக் கேட்டார். "எவ்வளவு நாளா தூங்குறேன்?"

"கொஞ்ச நேரம்தான்."

"எங்க இருக்கோம்?"

"பாலத்துக்கு இந்தப் பக்கம். நாங்க அந்தப் பக்கம் போறோம்."

"நான் வர வேணாமா?"

"வேற ஊர்ல ஒரு குழு காத்திருக்கு. வைத்தியன் இல்லாம அவங்களால முடியாது."

நெட்டை அங்கே ஆடுகிறான் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. சுருட்டை தன் பென்சிலை எடுத்து மேசையில் நேராக வைத்தாள், பிறகு கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

அத்தான்தான் முதலில் பேசினார். "என் கம்பளியைக் குடுத்தனுப்பு. அவன் போற ஊர் குளிரும்."

டாக்டர் எழுதிக்கொண்டார். "கம்பளி வாங்கிக்கிட்டான். நடக்க ஆரம்பிச்சுட்டான்." இருபது முகப் பகடையை என் பக்கம் நகர்த்தினார். "திரும்பிப் பாக்குறானான்னு உருட்டிப் பாக்கறியா?"

பகடையைக் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் கனமே இல்லை. வெகுநேரம் வைத்திருந்தேன் போலிருக்கிறது, யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அதை அவர் பக்கமே தள்ளினேன்.

"வேணாம் டாக்டர். பாலத்துக்குப் போலாம்."