வெறுந்தண்ணீர்

மண்வெட்டிக் காம்பு நாச்சிமுத்துவின் தோளில் இறங்கியது. வாய்க்கால் சேற்றில் குப்புற விழுந்தவனின் முதுகில் முழங்காலை ஊன்றி, முடியைப் பிடித்துத் தலையைத் தூக்கினான் சென்னிமலை.

"மோட்டார் ரூம் சாவி எங்கடா?"

"சொல்ல மாட்டனுங்க."

முகத்தை மறுபடி தண்ணீருக்குள் அழுத்தினான்.

உச்சி வெயில். சுற்றிலும் சருகாய்க் காய்ந்த மஞ்சள் கிழங்குக் காடு. நடுவே, ஆமணக்கு மறைவில், ஆளுயரக் கஞ்சா பூத்து நின்றது. காடு சென்னிமலையுடையது; செடி வளர்த்தவன் பண்ணையாள் நாச்சிமுத்து. அறுக்கும் முன் உரம் கலக்காத வெறுந்தண்ணீர் பாய்ச்சுவதா வேண்டாமா என்று இருவரும் முட்டிக்கொண்டே இருந்தார்கள். காலையில் சென்னிமலை நாமக்கல் போன நேரம் பார்த்து மோட்டாரைப் போட்டு, அறையையும் பூட்டிவிட்டான் நாச்சிமுத்து.

"மாசி மாசத்துல, வெட்டற நேரத்துல, மஞ்சக்காட்டுக்கு எவன்டா தண்ணி உடுவான்? எருமப்பட்டி பஸ்ஸுல போறவன் பாத்தாலே சந்தேகப்படுவான். போலீஸுக்கு வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புடறியா?"

நாச்சிமுத்து சேற்றைத் துப்பினான். "அத்தனையும் யூரியாவுல வளந்ததுங்க. உப்புக் கழுவிப் போகோணும். போன வாட்டி கழுவாம அறுத்தீங்க, இழுத்தவனெல்லாம் தொண்ட எரிஞ்சு இருமுனான். சங்ககிரி புரோக்கரு யார் வெரல ஒடிச்சானுங்க? உங்குளுதா?" இடது கையைத் தூக்கினான். இரண்டு விரல்கள் கொக்கியாய் வளைந்திருந்தன. "இந்த வாட்டி கையே போயிரும்."

"சாவி!"

"கெணத்துல போட்டுட்டனுங்க. தண்ணி வத்துனா எடுத்துக்கங்க."

சென்னிமலையின் முகம் வெளுத்தது. காம்பை ஓங்கி அவன் விலாவில் இறக்கிவிட்டு மோட்டார் அறைக்கு ஓடினான். பூட்டின்மேல் மண்வெட்டி விழுந்த சத்தத்தில் அவன் மனைவி வசந்தாமணி சோற்றுத் தூக்கோடு ஓடி வந்தாள்.

"அவன எதுக்குங்க இந்த அடி அடிச்சிருக்கீங்க? எந்தம்பி மயில்சாமி இருந்திருந்தா இப்புடி நடக்குமா?"

"உந்தம்பி சைக்கிள வித்துட்டுக் கேரளாவுக்கு ஓடிட்டான்னு எத்தன தடவ சொல்றது? ஊட்டுக்குப் போடி!"

புறங்கையால் அறைந்தான். தூக்கு உருண்டது. உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. முகம் கழுவக் கிணற்றடிக்கு நடந்தாள்.

பூட்டு தெறித்தது. உள்ளே மோட்டார், கிணற்றில் தண்ணீர் தீர்ந்து, காற்றை உறிஞ்சி அலறிக்கொண்டிருந்தது. மண்வெட்டியை வாசலில் போட்டுவிட்டுப் பாய்ந்து ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தானை அமுக்கினான். நிசப்தம். வாய்க்காலில் கடைசித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது.

"ஏனுங்க," கிணற்று மேட்டிலிருந்து வசந்தாமணியின் குரல் வந்தது. ஏற்ற இறக்கமே இல்லாத குரல். "மயில்சாமி வித்துட்டுப் போன சைக்கிளு நம்ம கெணத்துல கெடக்குதே."

சென்னிமலை வாசலில் மண்வெட்டியைத் தேடினான். அது, விலாவைப் பிடித்தபடி எழுந்து வந்திருந்த நாச்சிமுத்துவின் கையில் இருந்தது.

கிணற்றின் அடிச்சேற்றில் பச்சை சைக்கிள் மல்லாந்து கிடந்தது. அதன் பாரில் ஒரு நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனை, சேற்றைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கை எலும்பில் இறுகியிருந்தது.