பெற்றிசியா மாற்றிய ஸ்பீக்கர்கள்

சண்டை முடிந்து நாங்கள் மீள்குடியேறிய அடுத்த வருடம் பாப்பாமோட்டைக்கு மீன் கொண்டுவந்தவர்களில் பெற்றிசியா ஒருத்திதான் பெண். மன்னார்த் தீவிலுள்ள கீரியிலிருந்து பாலத்தைக் கடந்து, தள்ளாடிச் சந்தியால் திரும்பி, வயல் ஊர்களையெல்லாம் சுற்றி வருவாள். கடலுக்குப் போன கணவன் கிறகரி திரும்பி வரவில்லை. அவனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் தொழிலில் இறங்கியிருந்தாள்.

அது தூர ஓட்டத்துக்கென்று செய்த சீனத்துச் சைக்கிள். காற்றை மறைக்க அகன்ற முகப்பு. அதன் இரண்டு பக்கமும் கம்பனியே பூட்டிவிட்ட இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். ஓடும்போது பாட்டுக் கேட்கலாம் என்றுதான் கிறகரி அதை ஆசைப்பட்டு வாங்கினானாம். பெற்றிசியா அதில் ஒரு மைக்கைப் பொருத்தியிருந்தாள்.

மற்ற மீன்காரர்கள் ஹோனை அமத்தி, தொண்டை கிழியக் கத்துவார்கள். அவள் கத்தமாட்டாள்.

"ரோட்டிலை ஒரு பொம்பிளை கத்தினால் பாதிப் பேர் மீனைப் பாக்கமாட்டினம் அண்ணை" என்றாள் ஒருநாள்.

ஆனால் அந்த ஸ்பீக்கர்களில் அவள் குரல் தகரப் பேணிக்குள் அகப்பட்ட வண்டுபோலக் கேட்டது. எங்கள் தகரக் கொட்டில்களோ ஒன்றுக்கொன்று எட்டத்தில். சோளகக் காற்று வேறு. அவள் வந்திருக்கிறாள் என்று தெரிந்து படலைக்கு வரும்போது அவள் அடுத்த ஒழுங்கைக்குப் போயிருப்பாள். ஐஸ் கரைந்த மீனோடு திரும்பிப்போகிற நாட்கள் கூடிக்கொண்டு வந்தன. இப்படியே போனால் சைக்கிளை விற்றுவிட்டுக் கருவாட்டு வாடியில் கூலிக்குப் போகவேண்டியதுதான் என்று சொன்னாள்.

எனக்கு அவளிடம் வாங்கத்தான் விருப்பம். மனைவி அன்னப்பிள்ளையைக் கடைசிச் சண்டையில் மாத்தளனில் பறிகொடுத்துவிட்டு வந்த பிறகு ஒருவனுக்குச் சமைப்பவன் நான். நாலு மீன் கேட்கக் கூச்சமாக இருக்கும். அவள் ஒரு கேள்வியும் இல்லாமல் நாலு மீனை எடுத்துத் தருவாள். அதிலும், "இந்தக் கும்பிளா வேண்டாம் அண்ணை, நேற்றையது. சூடையை எடுங்கோ" என்று தன் மீனைத் தானே குறை சொல்லி விற்ற வேறொருவரை நான் கண்டதில்லை.

ஒரு காலை நான் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தேன். வீதியில் ஒரு கரகரப்பு. பிறகு தகரமெல்லாம் அதிர ஒரு குரல்:

"பொதுமக்களின் கவனத்திற்கு."

எழுந்தது எனக்குத் தெரியாது. தெரிந்தபோது நான் படலையடியில் நின்றேன், பை தோளில் இருந்தது. சண்டைக் காலத்தில் அந்த அறிவித்தலோடு ஓடிய பழக்கத்தில் எல்லோர் வீட்டிலும் அந்தப் பை ஓர் ஆணியில் தொங்கும். ஒழுங்கை முழுக்கப் பையோடு ஆட்கள். அடுத்த வளவில் துசாந்தினி கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாழைகளுக்குள் நின்றாள். அவர்களுடைய பதுங்குகுழி அங்கேதான் இருந்தது. அதை மூடி வாழை வைத்து ஒரு மாரியும் கழிந்துவிட்டது. கால் அந்த இடத்துக்குத்தான் போயிருந்தது.

"கீரியிலிருந்து உடன் மீன் வந்திருக்கிறது" என்று முடித்தது குரல்.

பெற்றிசியாவின் மீன்பெட்டிக்கு மேல் கோயில்களில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. மைக்கில் பேசுவதென்றால் எப்படித் தொடங்கவேண்டும் என்று நினைத்தாளோ அப்படித் தொடங்கியிருக்கிறாள். பைகளைக் கண்டதும் அவள் முகம் மாறியது. நிறுத்திவிட்டாள்.

அழகையா முதலில் கிட்டப் போனான். மலையகத்திலிருந்து வந்து எங்கள் ஊரோடு ஊராகிவிட்ட கூலிக்காரன். அவன் தோளிலும் பை.

"என்னா தங்கச்சி, மீன் விக்க வந்தியா, ஊரக் கெளப்ப வந்தியா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. துசாந்தினி வாழைக்குள்ளிருந்து வெளியே வந்தாள்.

"இனி இந்த ஒழுங்கைக்குள்ளை வராதேங்கோ. உங்கடை மீனும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

"எங்கடை கீரியிலை குழாய் எண்டால் பெருநாள் அக்கா" என்றாள் பெற்றிசியா. "இஞ்சை அது வேறை எண்டு நான் யோசிக்கேல்லை."

அவள் எஞ்சினைக்கூட இயக்கவில்லை. மீன் நிறைந்த பெட்டியோடு சைக்கிளைப் பெருவீதிவரைக்கும் உருட்டிக்கொண்டு போனாள்.

அவளை இனிக் காணமாட்டோம் என்று நினைத்தேன். அடுத்த நாள் சைக்கிளைப் பெருவீதியில் விட்டுவிட்டு நடந்து வந்தாள். மீன் இல்லை. வீடு வீடாக நின்று ஒன்றைத்தான் கேட்டாள்: "நான் என்ன சத்தத்தோடை வந்தால் உங்களுக்குப் பயமில்லை?"

"பாட்டப் போடு தங்கச்சி, நா ஆடிக்கிட்டே வாறேன்" என்றான் அழகையா.

"பாட்டும் வேண்டாம் பிள்ளை" என்றேன் நான். "அந்த நாளையிலை குழாயிலை பாட்டுக் கேட்டால் ஆற்றையோ சவப்பெட்டி வருது எண்டு அர்த்தம்."

துசாந்தினி படலையைத் திறக்கவில்லை. பெற்றிசியா வேலிக்கு வெளியே நின்று, "அக்கா, பேரைச் சொல்லிக் கூப்பிடட்டோ?" என்று கேட்டாள்.

"முகாமிலையும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஆக்களைக் கொண்டுபோனவை."

பெற்றிசியா வேலிக்கு இன்னும் கிட்ட வந்தாள். பிறகு, "அப்ப மீன்ரை பேரைச் சொல்லட்டோ?" என்றாள்.

வேண்டாம் என்று உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை.

அந்தக் கிழமை அரசாங்க அதிபரின் கச்சேரியில் ஓர் அலுவலாக மன்னாருக்குப் போனபோது ஜமால்தீனின் ரேடியோக் கடை வாசலில் அவளுடைய சைக்கிளைக் கண்டேன். ஜமால்தீன் புத்தளத்திலிருந்து திரும்பிவந்து கடை போட்டவர். முகப்பைக் கழற்றிப் பழைய ஸ்பீக்கர்களைக் கையில் வைத்திருந்தார். உப்புக்காற்றில் உள்ளிருந்த கடதாசி ஊறிப்போய்ப் பப்படம்போல உடைந்து வந்தது. குழாய் ஒரு மூலையில் கிடந்தது.

"இதவிடத் தூரத்துக்குக் கேக்கிற சாமான் எங்கிட்ட இல்ல தங்கச்சி" என்றார்.

"தூரத்துக்குக் கேக்கத் தேவையில்லை நானா. கதை விளங்கினால் காணும்."

பழைய கார்க் கதவுகளிலிருந்து எடுத்த இரண்டு அகன்ற ஸ்பீக்கர்களை அவள் தெரிந்தெடுத்தாள். முகப்பில் இருந்த ஓட்டைகள் அவற்றுக்குக் காணாது. வெட்டிப் பெருப்பிக்கலாம் என்றார் ஜமால்தீன். முகப்பு பலம் கெட்டுப் பாலத்துக் காற்றில் வெடித்துவிடும் என்று அவள் மறுத்துவிட்டாள். பக்கத்துத் தச்சனிடம் சொல்லித் தடித்த பலகையில் இரண்டு பெட்டி அடிப்பித்துக்கொண்டு வந்தாள். மீன்பெட்டியின் இரு பக்கமும் ஒவ்வொன்று, வீடுகளைப் பார்த்தபடி. பலகை அதிராமலிருக்கப் பழைய டியூப்பை வெட்டி அடியில் வைத்தாள். மீன்தண்ணீர் இறங்காமல் பொலித்தீன் சுற்றினாள். எனக்கு அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருந்தது. கச்சேரியை மறந்துவிட்டேன்.

பிறகு சைக்கிளை வெளிக்குக் கொண்டுபோனார்கள். ஜமால்தீன் மைக்கில் மீன் பெயர்களைச் சொல்ல, அவள் முதுகைக் காட்டிக்கொண்டு காற்றுக்கு எதிராக நடந்தாள். சொல் விளங்காத இடத்தில் கையைத் தூக்குவாள். ஜமால்தீன் வந்து எதையோ திருகுவார். திரும்பவும் நடப்பாள். மீன் பெயர்கள் முடிந்து, ஜமால்தீனின் பொறுமையும் முடிந்தது.

"எனக்குப் பசிக்குது தங்கச்சி" என்றார் மைக்கில், மெதுவாக.

தூரத்தில் அவள் திரும்பினாள். "பசிக்குது எண்டது நல்லா விளங்கிச்சு நானா. இனி இறுக்கிப் பூட்டுங்கோ."

"பாப்பாமோட்டையை விட்டிட்டு மற்ற ஊருகளைப் பாக்கலாமே பிள்ளை" என்றேன்.

"மற்ற ஊரிலையும் வாழை நிக்குந்தானே அண்ணை."

அடுத்த நாள் மதகடியிலிருந்து ஒரு பேச்சுக் குரல் கேட்டது. முதலில் கேட்டும் கேளாமலும். கிட்ட வரவரக் கொஞ்சம் கூடியது. "சூடை இருக்கு. ஒட்டி இருக்கு. சூடை இண்டைக்குக் கொஞ்சம் சின்னன், கோவிக்காதேங்கோ. விளைமீன் ஒண்டே ஒண்டுதான்." வேலிக்கு அங்கால் நின்று யாரோ கதைப்பதுபோல இருந்தது. என் கை மண்வெட்டியிலேயே இருந்தது.

ஆனாலும் ஒருவரும் வெளியே வரவில்லை. அழகையா மட்டும் போனான்.

"என்னா தங்கச்சி, இந்த வெள நம்மள மொறைக்குது" என்று அவன் சொன்னது என் கொட்டிலுக்குள் கேட்டது. அவள் மைக்கை நிறுத்த மறந்துவிட்டாள்.

"உங்களை இல்லை அண்ணை, உங்கடை கையிலை இருக்கிற காசைப் பாத்து முறைக்குது."

"கொறச்சுக் குடு. வூட்டம்மாவுக்குத் தெரியாம எடுத்தாந்த காசு."

"அக்கா ஏசமாட்டாவோ?"

"அவ தூங்குறா. அவளுக்கு ஒண்ணும் கேக்காது."

அழகையாவின் கொட்டிலுக்குள்ளிருந்து, ஸ்பீக்கர் இல்லாமலே ஒரு குரல் வந்தது. "கேக்குது. ஒவ்வொரு சொல்லும் வெளங்குது. வா வூட்டுக்கு."

எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகு ஒழுங்கை நீளத்துக்குச் சிரிப்பு. பெற்றிசியா பதறிப்போய் மைக்கைக் கையால் பொத்தினாள். நான் சட்டியை எடுத்துக்கொண்டு படலைக்கு வந்தபோது பக்கத்துப் படலையும் திறந்தது. துசாந்தினி. இடுப்பில் குழந்தை, கையில் ஒரு சட்டி. சிரிப்பை அடக்கமுடியாமல் வாயை இறுக்கிக்கொண்டு நேரே மீன்பெட்டியடிக்குப் போனாள்.

"விளையை அவருக்குக் குடுக்காதேங்கோ. எனக்குத் தாங்கோ."

அழகையாவுக்குச் சூடைதான் கிடைத்தது. பெற்றிசியா சொன்னதுபோலக் கொஞ்சம் சின்னன்தான்.