மார்லிஸுக்குப் பதிலாக ஒருவர்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பூனைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது. பூனையைப் பிடித்திருந்தவன் நான். ஊசி போட்டவள் மார்லிஸ் கிவேலா. அமெரிக்காவின் டுலூத் நகரில் ஏரியைப் பார்த்த சரிவில் இருக்கும் கால்நடை மருத்துவமனையில் எனக்கு முன்மேசை வேலை, அவளுக்கு உள்ளே. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஒரு ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பாள். குழுவின் பெயர் 'தி அதர் கெவின்ஸ்', அதாவது மற்ற கெவின்கள். அதில் கெவின் என்று ஒருவரும் இல்லை.

"நான் குழுவ விட்டு விலகிட்டேன்," என்றாள், பூனையிடம் சொல்வதுபோல.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். மார்லிஸுக்குத் தமிழ் தெரியாது. எழுதியதை மதியச் சாப்பாட்டின்போது மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். ஒப்புக்கொண்டது என் தவறு.

2.

முதல் தொடக்கம்: "பனி கொட்டிய ஒரு மாலையில், மூன்று நண்பர்கள் ஒரே கனவோடு"

(இதற்கு மேல் போக முடியவில்லை. மார்லிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.)

"கனவா? டேலுக்கு அப்ப வேல போயிருந்துச்சு. கர்ட்கிட்ட ட்ரம்ஸ் வைக்க எடம் இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் வாசிக்கத் தெரியாது, அதனால பேஸக் குடுத்தாங்க."

சரி, உள்ளது உள்ளபடி. டேல் டோர்வினன் பாடுவான், கிட்டார் வாசிப்பான். ட்ரம்ஸ் வாசிக்கும் கர்ட்டுக்குப் பனி அள்ளும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை உண்டு. அந்த இயந்திரங்களுக்கு நடுவேதான் ஒத்திகை. பத்தொன்பது ஆண்டுகளில் நான்கு ஆல்பம். அதிகத் தூரம் போனது வினிபெக் வரைக்கும். அங்கே கேட்க வந்தவர்கள் எட்டுப் பேர், அதில் நான்கு பேர் அடுத்து வாசிக்க வேண்டிய குழு. ஒருமுறை ஃபார்கோவில் ஒரு கல்லூரி வானொலியில் இயந்திரம் சிக்கிக்கொண்டு, இவர்களின் 'ரேடியேட்டர்' பாட்டு ஒரே நாளில் நாற்பத்தொரு தடவை ஒலிபரப்பானது. மூன்று பேர் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் நிறுத்தச் சொல்லி. மூன்றாமவர் பாட்டின் பெயர் என்ன என்று கேட்டாராம். குழுவின் உச்சம் அதுதான்.

3.

இந்தப் பாத்திரம் விலக ஒரு பெரிய காரணம் வேண்டும் என்று நினைத்தேன். காதல் முறிவு, துரோகம் என்று இரண்டு பக்கம் எழுதவும் செய்தேன்.

"காதுன்னு எழுது," என்றாள் மார்லிஸ். "டேலக் காதலிக்கிறதா? அவன் சாண்ட்விச்சக் கிட்டார் பெட்டிக்குள்ள வைக்கிறவன்."

காதுதான். பத்தொன்பது ஆண்டுகளாக அவளுடைய இடது காதுக்கு ஒரு முழத்தில் கர்ட்டின் தாளத்தட்டு. அந்தக் காதில் இப்போது ஓயாமல் ஒரு ரீங்காரம். என்ன சுரம் என்றுகூட டேல் கண்டுபிடித்து, அவளுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று கடைசி ஆல்பம் முழுவதையும் அதே சுருதியில் அமைத்தான். (சாண்ட்விச் விஷயத்துக்குப் பக்கத்தில் இதையும் வைத்துப் பாருங்கள்.) ஆனால் போன மாதம் ஒரு முயலின் மார்பில் ஸ்டெத்தஸ்கோப்பை வைத்தபோது மார்லிஸுக்கு இதயத்துடிப்பு கேட்கவில்லை. முயல் நன்றாகத்தான் இருந்தது. அவள்தான் வெளிறிப்போனாள்.

4.

அதற்கடுத்த ஞாயிறு மதியம், ஒத்திகைக்குக் காரில் போகும் வழியெல்லாம் விலகுவதைச் சொல்லிப் பழகிக்கொண்டாள். டேலும் கர்ட்டும் உடைந்துபோவார்கள், தேற்ற வேண்டும் என்று டிஷ்யூ பெட்டிகூட எடுத்துப் போயிருந்தாள்.

"காது போகுது. டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு. நான் விலகிக்கிறேன்."

டேல் தந்தியை முறுக்கிக்கொண்டே, "சரி," என்றான்.

"சரின்னா?"

"சரின்னா சரிதான். காதாச்சே."

கர்ட் யோசித்துவிட்டு, "உன் ஸ்பீக்கர இங்கயே விட்டுட்டுப் போறியா? நகத்துனா சுவத்துல ஓட்ட தெரியும்," என்றான்.

[அவள் காரில் உட்கார்ந்து அழுதாள் என்று எழுதியிருந்தேன்.

"நான் அழல. கண்ணாடியத் தொடச்சேன்."

"எந்தக் கண்ணாடி?"

"வண்டிக் கண்ணாடி."

"உள்ள இருந்தா?"

அவள் சூப்பைக் குடிக்க ஆரம்பித்தாள்.]

5.

பாட்டெல்லாம் உனக்குத்தான் தெரியும், நீயே ஆள் பார்த்துக் கொடு என்று டேல் சொல்லிவிட்டான். மூன்று ஞாயிறுகளில் ஆறு பேர் வந்தார்கள். முதல் ஆள் வாசிக்கும்போது ஆடினார். பேஸ் வாசிக்கிறவர்கள் ஆடக் கூடாதாம். இன்னொருவர் சிரித்தார். நான்காவதாக வந்தவரின் பெயர் கெவின். டேலுக்குத் தலைகால் புரியவில்லை.

"வேணவே வேணாம்," என்றாள் மார்லிஸ். "நெஜமாவே கெவின் வந்துட்டா நம்ம பேருக்கு என்ன அர்த்தம்?"

"இன்னொரு மார்லிஸத் தேடுறியா நீ?" என்று கேட்டான் கர்ட்.

"வாசிக்கத் தெரிஞ்ச ஆளத் தேடுறேன்."

"தெரியாத ஆள வச்சே பத்தொம்பது வருசம் ஓட்டிட்டோமே."

6.

ஏழாவதாக வந்தவள் டெஸ் போலியூ. முப்பத்துநான்கு வயது, தபால் கொண்டுபோகிற வேலை. நான்கு ஆல்பத்தையும் மனப்பாடம் பண்ணியிருந்தாள். ஆடவில்லை, சிரிக்கவில்லை. 'ரேடியேட்டர்' வாசித்தபோது இரண்டாவது சரணத்தில் ஒரு சுரம் கொஞ்சம் தாமதமாக விழுந்தது. மார்லிஸ் கையை உயர்த்தினாள்.

"அது தப்பு. பதிவு பண்றப்ப எனக்குக் கை தவறிடுச்சு. திரும்ப எடுக்க நேரமில்ல, அப்பிடியே விட்டுட்டோம்."

டெஸ் குழம்பிப்போனாள். "தப்பா? அந்தப் பாட்டுல எனக்குப் பிடிச்ச எடமே அதுதாங்க. அது வரும்னுதான் முழுப் பாட்டையும் கேப்பேன்."

டேலும் கர்ட்டும் மார்லிஸைப் பார்த்தார்கள். அவள் மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, "சனிக்கெழமைக்குள்ள சொல்றேன்," என்று வெளியே போய்விட்டாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு நூலகத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் குழுவின் கச்சேரி, டெஸ்ஸும் அங்கே வருவதாக ஏற்பாடு.

7.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) மார்லிஸ் டெஸ்ஸைக் கட்டியணைத்து, கிட்டாரை அவள் கையில் ("நாங்க கட்டிப்பிடிக்கிற ஆளுங்க இல்ல.")

ஆ) காது போனால் போகட்டும் என்று மார்லிஸே மேடையேறுகிறாள். ("அப்ப இவனோட நெஞ்ச யாரு கேப்பா?" மேசைமேல் ஒரு கிழட்டுப் பீகிள் நாய் படுத்திருந்தது.)

இ) இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். ("ரெண்டு பேஸா? பட்டற இடிஞ்சு விழும்.")

"அப்ப அவகிட்ட என்னதான் சொல்லப் போற?" என்று கேட்டேன்.

மார்லிஸ் ஸ்டெத்தஸ்கோப்பை நாயின் மார்பில் வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு, "உங்க மொழியில, நீ நல்லா வாசிச்சேன்னு ஒருத்திகிட்ட எப்பிடிச் சொல்லுவீங்க?" என்றாள்.

"நல்லா வாசிச்சே."

"நள்ளா வாஸ்ச்சி," என்றாள் நாயிடம். திருத்தினேன். மறுபடி சொன்னாள், மோசம். மூன்றாம் தடவை ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வந்தது. நாய் வாலை ஆட்டியது. மார்லிஸ் சட்டென்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இந்தமுறை மூக்குக்கண்ணாடி.

"இங்கிலீஷ்ல சொல்றதவிட இது சுலபமா இருக்கு," என்றாள்.

இன்று வியாழன். சனிக்கிழமை முன்மேசையில் எனக்கு வேலை, போக முடியாது. டெஸ் நேரத்துக்கு வந்துவிடுவாள், தபால்காரி. மார்லிஸ் எப்போதும் பத்து நிமிடம் தாமதம். பூங்காவில் உட்கார நிறைய இடம் இருக்கும், இவர்களின் கச்சேரிக்கு எப்போதும் இருக்கும். நீங்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் முன்வரிசையில் உட்காருங்கள். மார்லிஸ் டெஸ்ஸிடம் அதைச் சொன்னாளா, சொன்னால் எந்த மொழியில் சொன்னாள் என்று மட்டும் கேட்டுவந்து இங்கே எழுதிவிடுங்கள்: