இரண்டாவது சங்கு

மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிய பிறகுதான், மூன்றாவது பெஞ்சில் திறக்காத டிபன் டப்பா ஒன்று தாரணியின் கண்ணில் பட்டது. சஹானாவுடையது. டப்பா இருக்கிறது, பிள்ளையைக் காணோம்.

"சஹானா எங்கடா?"

யாருக்கும் தெரியவில்லை. சாப்பாட்டுக்கே அவள் வரவில்லையாம்.

தாரணி கெட்டவள் இல்லை. ஆம்பூரிலிருந்து பிழைக்க வந்து, ஈஜிபுராவின் இந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். இன்றைக்கு உலகப் போர். ஊர் மேல் குண்டு விழுந்த கதையை ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வகுப்பு லேப்டாப்பில் இணையத்தைத் தேடி, குழந்தைகளுக்கான பக்கம் ஒன்றைப் பிடித்திருந்தாள். படமும் உண்டு, சத்தமும் உண்டு. முதல் சங்கு ஏறி இறங்கி அழும்: விமானம் வருகிறது, ஒளிந்துகொள். இரண்டாவது சங்கு ஒரே நீளமாக ஊதும்: ஆபத்து போயிற்று, வெளியே வா.

முதல் சங்கைக் கேட்டதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தனை பேர் செத்த சமாசாரத்துக்குச் சிரிப்பா என்று தாரணிக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இது விளையாட்டு இல்ல! ஸ்கூல்ல எது பத்திரமான இடமோ அங்க போய் ஒளிங்க. ரெண்டாவது சங்கு கேக்குற வரைக்கும் நானே கூப்பிட்டாலும் வரக் கூடாது. புரிஞ்சுதா?"

சொல்லி ஐந்து நிமிடத்தில் கரண்ட் போனது. வைஃபையும் கூடவே போக, பக்கம் பாதியில் நின்றுவிட்டது. இரண்டாவது சங்கு ஊதவே இல்லை. அதற்குள் சாப்பாட்டு மணி. போராவது குண்டாவது, பிள்ளைகள் தாமாகவே டப்பாவைத் தேடி ஓடிவந்தன. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. தலைகளை எண்ணத் தோன்றவே இல்லை, பாவி மகளுக்கு.

சொன்னால் சொன்னபடி நடக்கிற பிள்ளை அந்த வகுப்பில் சஹானா ஒருத்திதான்.

கழிவறை, மாடிப்படிக்கு அடி, பழைய பெஞ்சுகள் போட்ட அறை, ஒன்றையும் விடவில்லை. "சஹானா! வெளிய வாம்மா! மிஸ் கூப்பிடுறேன்!" தொண்டை கிழியக் கத்தினாள். கத்தக் கத்தத்தான் தான் சொன்னது உறைத்தது. கூப்பிட்டால் அவள் வரமாட்டாள்.

ஆயா சந்திரம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தாள். "மேடம், சம்புல, அந்தத் தரைக்கடித் தண்ணித் தொட்டில பாத்தீங்களா? காலைல தொட்டியைக் கழுவிட்டு ஏணியை உள்ளயே வுட்டுட்டேன். மூடி தொறந்து கெடந்துச்சு. புள்ளைங்க எதுனா விழுந்துடப் போவுதுன்னு, சாப்பாட்டு நேரத்துல நான்தான் மூடினேன்..." துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தொட்டிப் பக்கம் ஓடினாள்.

வாசலில் தண்ணீர் லாரியின் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகவோ! தெருச்சுவரில் இருக்கும் குழாயில் ஹோஸைச் சொருகினால் போதும், தண்ணீர் நேராக நிலத்தடித் தொட்டிக்குப் போய்விடும். மூடியை யாரும் திறக்க வேண்டியதில்லை.

"கிருஷ்ணப்பா! நிறுத்துங்க! நிறுத்துங்க!"

"ஏனு மேடம், என்னாச்சு? இன்னும் அரை லோடு இருக்கே," என்றார் டிரைவர் கிருஷ்ணப்பா. அவள் முகத்தைப் பார்த்ததும் மோட்டாரை அணைத்துவிட்டு ஓடிவந்தார்.

மூவருமாக மூடியை இழுத்துத் தள்ளினார்கள். இருட்டில், இடுப்பளவு தண்ணீரில், ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள் சஹானா. உயிரோடு.

"வாடா கண்ணு, மேல வா," என்றாள் தாரணி.

பிள்ளை இல்லையென்று தலையாட்டியது. கிருஷ்ணப்பா குனிந்து கையை நீட்டினார். சஹானா பயந்து ஒரு படி கீழே இறங்கினாள். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது.

"தொடாதீங்க!" என்று அலறினாள் தாரணி.

சங்கு ஊதக் கையில் ஒன்றும் இல்லை. டீச்சர்களின் போன்கள் சாயங்காலம்வரை ஆபீஸ் பீரோவில் பூட்டிக் கிடக்கும். அவள் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்தாள். தலையைத் தொட்டிக்குள் நீட்டி, வாயாலேயே ஊதினாள். ஒரே நீளமாக, ஏறாமல் இறங்காமல், மூச்சு தீரும்வரை. சத்தம் கேட்டு வந்து சுற்றி நின்ற பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

சஹானா காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். தாரணி அவளை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு மிஸ்," என்றாள் சஹானா. குளிரில் பல் தந்தியடித்தது. "தண்ணி வந்துச்சு. ஆனா நீங்கதானே வரக் கூடாதுன்னீங்க."

அப்போது கரண்ட் வந்தது. மாடியில் எந்த வாலு லேப்டாப்பைத் தட்டியதோ, வகுப்பு ஸ்பீக்கரில் முதல் சங்கு ஏறி இறங்கி அழ ஆரம்பித்தது.

சஹானா திமிறினாள். தாரணி விடாமல் இறுக்கிப் பிடித்தாள். பிள்ளை தன் ஈரக் கையால் அவள் மணிக்கட்டைப் பற்றி, திறந்து கிடந்த தொட்டிப் பக்கம் இழுத்தது.

"நீங்களும் வாங்க மிஸ். சீக்கிரம் வாங்க."