வைத்த கண்

செத்துப்போன கணவனைத் தினமும் மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே கேன்டீனுக்குப் போனதும், ஆய்வுக்கூடத்தில் அவளும் இன்குபேட்டரின் முனகலும்தான் மிச்சம். அதன் கதவைத் திறப்பாள். உடம்புச் சூட்டில் ஒரு காற்று முகத்தில் வந்து படும். அது அவளுக்குப் பழகிய சூடு. தட்டின் மூலையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குடுவையை எடுத்து, மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்து, வைத்த கண் வாங்காமல் உட்கார்ந்திருப்பாள்.

குடுவையின்மேல் பெயர் கிடையாது, ஓர் எண் மட்டும். உள்ளே இருந்தவை அவனுடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்கள். ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதித்த அன்று அவன், "வீட்லயும் என் மூஞ்சி, வேலைக்கு வந்தா இங்கயும் நானா? பாவம் நீ," என்று சிரித்தான். அந்த மாதிரியை வாங்கி எண் ஒட்டியவள் அவள்தான். அங்கே வேறு யாருக்கும் அது தெரியாது. இந்த வகைச் செல்கள் உடம்பை விட்டு வெளியே வந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அவனுடையவை பிழைத்தன. பிடிவாதக்காரன், வேறென்ன சொல்ல?

அவனைக் கொன்றவையும் அவைதான். வேலியே பயிரை மேய்ந்த கதை. கிருமிகளோடு மல்லுக்கட்ட எதிர்ப்பொருள் செய்து அனுப்ப வேண்டிய செல்கள், கட்டுக்கடங்காமல் பெருகி, புற்றுநோயாக எலும்பை அரித்துவிட்டன. இப்போதும் அதே எதிர்ப்பொருளை ஓயாமல் செய்துகொண்டிருக்கின்றன. எந்த எதிரிக்காக என்று யாருக்கும் தெரியாது. காக்க வேண்டிய உடம்பு போய்ச் சேர்ந்துவிட்டது, காவல் மட்டும் நிற்கவில்லை. அதை நினைத்தால் அவளுக்கு முதுகு சில்லிட்டுப்போகும். ஆனாலும் மறுநாள் போவாள்.

போகாமல் இருக்க முடியாததற்குக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் கட்டிலை விட்டு நகராமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரே ஒரு தடவை, "டீ குடிச்சிட்டு வந்துடறேங்க," என்று கீழே இறங்கினாள். திரும்பி வந்தபோது நர்ஸ் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் போயிருக்க மாட்டான் என்ற நினைப்பு அன்றைக்கு அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. அப்படியெல்லாம் கிடையாது என்று படித்த அறிவு சொல்லும். அறிவை யார் கேட்டார்கள்?

அந்த வாரம் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் முகம் தொங்கிக் கிடந்தது. புது மருந்து ஒன்று எல்லா நோயாளிகளின் செல்களையும் கொன்றது, இந்த ஒரு குடுவையைத் தவிர.

மருந்தின் சூட்சுமம் சுலபமானது. செல் செய்கிற புரதம் ஒவ்வொன்றும், துவைத்த துணியைப் போல, சரியாக மடிந்தால்தான் உதவும். எதிர்ப்பொருள் செய்கிற செல்லில் துணி மலையாகக் குவியும். குவிந்தால் செல் அபாயமணி அடிக்கும்: புதிதாகச் செய்வதைக் குறைக்கும், மடிக்க ஆள் கூட்டும், மடியாததைக் குப்பைக்கு அனுப்பும். அப்படியும் சமாளிக்க முடியாவிட்டால் தானே செத்துப்போகும். மருந்து அந்தக் குப்பை வாசலை அடைத்துவிடும், அவ்வளவுதான்.

"இது ஏன் சாகலைன்னு தெரியாம நான் மருந்தை வார்டுக்குக் கொண்டுபோக மாட்டேன்," என்று தலைமை டாக்டரம்மா சொல்லிவிட்டார். மேல்மாடி வார்டில் அந்த மருந்துக்காகவே ஆட்கள் காத்துக்கிடந்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போன டாக்டரம்மா பாதியில் திரும்பி வந்தார். மைக்ரோஸ்கோப்பில் அவள் குனிந்திருப்பதைப் பார்த்து, பக்கத்தில் வந்து குடுவையைத் தொட்டார்.

"சில்லுன்னு இருக்கே. எவ்வளவு நேரமா வெளிய வெச்சிருக்கே?"

"சாப்பாட்டு நேரம் முழுக்க மேடம்."

"தினமுமா?"

"தினமும்தான் மேடம்."

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தினம் குளிர வெச்சு, திரும்பச் சூட்டுல வெச்சு... கொஞ்சம் கொஞ்சமாக் கஷ்டத்தைக் குடுத்து நீயே பழக்கிட்டேம்மா. மடிக்கிற ஆளுங்களை முன்னாடியே சேத்து வெச்சுட்டு உக்காந்திருக்குதுங்க. மருந்து வந்தா அசருமா? நீ பாக்கப் பாக்கத்தான் இதுங்க சாகாம இருக்கு."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவள் மைக்ரோஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள். அப்படியென்றால் அந்த நினைப்பு மெய்தானா? அவள் பார்வைதான் பிடித்து வைத்திருந்ததா? பிடித்து வைத்தது அவனையா, அவனைத் தின்றதையா?

"யாருது இது?" டாக்டரம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"எங்க வீட்டுக்காரருது."

டாக்டரம்மா குடுவையைத் தூக்கி, அதன் எண்ணை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இந்தக் குடுவை இனி உதவாது, கொட்டணும். ஃப்ரீசர்ல பழகாத செல்லு ஒரே ஒரு குப்பி இருக்கு. அதை எடுத்து வளத்து மருந்து போட்டுப் பாக்கணும். அதுக்கப்புறம் அவரோடதுன்னு எதுவும் மிஞ்சாது. நீ வேணாம்னு சொன்னா நான் தொட மாட்டேன். மருந்து அப்படியே நிக்கும். யோசிச்சுச் சொல்லு."

ஆற அமர யோசிக்க அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. கடைசி நாட்களில் வருகிற நர்ஸை எல்லாம் அவன் கேட்ட கேள்வி ஒன்றுதான் காதில் கேட்டது: "வேற மருந்து ஏதாவது வந்திருக்காம்மா?"

"நானே செய்யறேன் மேடம்," என்றாள்.

பழைய குடுவையை அவளே கொட்டினாள். புதுச் செல்கள் பெருகும்வரை மத்தியானத்தில் இன்குபேட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மற்றவர்களோடு கேன்டீனுக்குப் போய், வாய்க்கு ருசி தெரியாமல் சாப்பிட்டாள். மேலே ஆய்வுக்கூடத்தில் அவன் தனியாக இருக்கிறான் என்று ஒவ்வொரு கவளத்திலும் தோன்றியது.

மருந்து போடுகிற அன்றும் அவளே செய்தாள். சொட்டு விட்டாள், மூடினாள், உள்ளே வைத்தாள். அந்தச் சூடு கடைசியாக ஒருமுறை முகத்தில் பட்டது. சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை.

"டீ குடிச்சிட்டு வந்துடறேங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் மத்தியானம் அவள் கேன்டீனில் இருந்தபோது டாக்டரம்மாவே இறங்கி வந்தார். "எல்லாம் போயிடுச்சும்மா. மருந்து வேலை செய்யுது. வந்து பாக்கறியா?"

கோப்பையில் பாதி டீ இருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் பாதியில்தான் வைத்துவிட்டு ஓடினாள். இப்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதாள், யார் பார்த்தால் என்ன. அழுதுகொண்டே கோப்பையை எடுத்து, மிச்ச டீயையும் குடித்து முடித்தாள்.