மூன்றாவது வரிசைக்குத் தெரியாது

“அந்த மீசைப் பசையைக் கொஞ்சம் தர்றீங்களா?” என்று அண்ணன் கேட்டார். தர்றீங்களாவாம்! இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்ததெல்லாம் நீ, வா, போ, கழுதை மட்டும்தான். பசை டப்பாவை நீட்டினேன். என் கை படாமல் வாங்கிக்கொண்டு, கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டார்.

எங்கள் குழுவின் நாடகங்களில் அவர்தான் எனக்குக் கணவர். மேடையை விட்டு இறங்கினால் அண்ணன். என் வீட்டுக்காரர் இதை வைத்தே கேலி செய்வார். “ஏய், உன் மேடைப் புருஷன் வந்திருக்கார். என் மச்சானுக்கு ஒரு டீ போடு” என்பார். அண்ணனும் அடுப்படி வரை வந்து, சர்க்கரை போதாது என்று சண்டை பிடிப்பார். அந்த மனிதர் எங்கள் வீட்டுப் படியேறி ஒரு மாதமாகிறது.

எல்லாம் ஆற்றங்கரைக் குடியிருப்பை இடித்த அன்று ஆரம்பித்தது. வீட்டை விட்டு வரமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், தலையில் போலீஸ் தடியடி பட்டு இறந்துபோனாள். மூன்று பிள்ளைகளின் தாய். கலைஞர்கள் சார்பில் அண்ணன்தான் கண்டன அறிக்கை எழுதினார். என் போனுக்கும் அனுப்பியிருந்தார். படிக்கப் படிக்க அழுகை வந்தது. நடுவில் ஒரு வரி: ‘மக்கள் தரப்பிலிருந்து ஒரு கல்கூட எறியப்படவில்லை.’ நான் அதைப் படித்தது ஆஸ்பத்திரி வராந்தாவில். அந்த இடிப்புக்குக் காவல் போயிருந்த போலீஸ்காரனான என் தம்பிக்கு இடது கண்ணில் கல் பட்டு, இனி அந்தக் கண்ணில் பார்வை வராது என்று டாக்டர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். “எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடறேன்ணா. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க.”

“அதை எடுத்தா மிச்சத்தை அவங்க ஒண்ணுமில்லாம பண்ணிடுவாங்கம்மா. நாளைக்குப் பூரா கல்லைப் பத்தியே பேசுவாங்க.”

“தம்பிக்குக் கண்ணு போயிடுச்சுண்ணா.”

“அந்தப் பொண்ணுக்கு உசுரே போச்சே.”

அவர் சொன்னதும் சரிதான். நான் சொன்னதும் பொய்யில்லை. கையெழுத்துப் போடவும் முடியவில்லை, போடாமல் தூங்கவும் முடியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் மைக்கை நீட்டி, நீங்கள் யார் பக்கம் என்றார். “தெரியலைங்க. அந்தப் பொண்ணை அடிச்சுக் கொன்னது கொடுமை. என் தம்பி மேல கல்லு விழுந்ததும் நிஜம்” என்றேன். ஊருக்கு அதில் பாதி போதுமாக இருந்தது. இடித்தவர்கள் கல் விழுந்தது என்ற பாதியை எடுத்துக்கொண்டு, உண்மை பேசிய கலைஞர் என்று என் படத்தைப் போட்டுக் கொண்டாடினார்கள். உடம்பு கூசியது. கூட நடித்தவர்கள் விலைபோனவள் என்று எழுதினார்கள். கொடுமை என்ற பாதி தம்பியிடம் போய்ச் சேர்ந்தது. “நாங்க என்ன கொலைகாரங்களாக்கா?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்று அவன் கையில் தடி இருந்ததா என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

அண்ணன் மட்டும் என்னைப் பற்றி எங்கேயும் ஒரு வார்த்தை எழுதவில்லை. நேரில் வந்து கன்னத்தில் இரண்டு அறைந்திருந்தால்கூடத் தேவலை. இன்றைய நாடகத்தை ரத்து செய்யலாமா என்று குழுவில் கேட்டபோது, நடத்தலாம் என்றாராம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். மேடையில் அவரால் என்னிடமிருந்து ஒளிய முடியாது என்று நினைத்தேன்.

நாடகத்தின் கடைசிக் காட்சியில் வசனமே கிடையாது. பல வருஷம் சிறையில் இருந்துவிட்டுக் கணவன் திரும்பி வருகிறான். மனைவி சமையலறையில் நிற்கிறாள். இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அவர் கண் கலங்குவதைப் பார்த்துத்தான் எனக்குக் கலங்கும்.

கதவைத் திறந்துகொண்டு வந்தார். பெட்டியைக் கீழே வைத்தார். நிமிர்ந்தார். நான் அவர் கண்களைத் தேடினேன்.

புதிதாக நடிக்க வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. எதிரில் நிற்பவர் கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் புருவங்களுக்கு நடுவே பார். மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அண்ணனுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. “அதுக்குச் சுவத்தைப் பாத்து நடிச்சிட்டுப் போ” என்று திட்டுவார். அவர் இப்போது என் புருவங்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தார்.

முகத்தில் எந்தக் குறையும் இல்லை. உதடு துடிக்க வேண்டிய இடத்தில் துடித்தது. இருட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அண்ணா, ஒரு தடவை பாருங்கண்ணா என்று மனசுக்குள் கெஞ்சினேன். புடவைக்குள் குதிகால்களை மெல்லத் தூக்கினேன், அவர் பார்வை இருக்கும் இடத்துக்கு என் கண்கள் போய்ச் சேரட்டும் என்று.

அவர் பார்வையும் அதே அளவு மேலே ஏறியது. விளக்கு அணைகிற வரை நான் நுனிக்காலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.