பத்தரைக்குள் மூன்று கடை

ராகுகாலத்துக்குப் பயந்து ஓடுகிறவனுக்கும் திருடனுக்கும் ஒரே அவசரம்தான். இதை நான் தெரிந்துகொள்ள என் கல்யாணம் நிச்சயமாக வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். வேதாந்தம் வாத்தியார் என்றால் செங்கல்பட்டில் தெரியாதவர்கள் குறைவு. பாதி ஊர் அவரிடம் கணக்கில் குட்டு வாங்கியிருக்கிறது. அண்ணன் கிரிதருக்குச் சென்னையில் ஒரு கிரெடிட் கார்டு கம்பெனியில் வேலை. கார்டு ஏன் ஓடவில்லை என்று போனில் கத்துகிறவர்களுக்குப் பொறுமையாகக் காரணம் சொல்லவேண்டும். நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொள்வதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று நான் கேலி செய்வேன்.

இரண்டாயிரத்து நாலில் என் கல்யாணத்துக்கு நாள் குறித்ததும், அண்ணன் தன் கணக்கிலேயே நைனா பெயருக்கும் ஒரு கார்டு வாங்கிக் கொடுத்தான். தங்கை கல்யாணச் செலவு தன்னுடையது என்றான். பெரிதாக எதையும் வாங்குமுன் தனக்கு ஒரு போன் போடச் சொன்னான். நைனா கார்டுக்கு மஞ்சள் தடவிப் பெருமாள் படத்தடியில் வைத்தார். மாதக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது. போன் போடும் பேச்சு மட்டும் அவருக்கு ஏறவே இல்லை. பிள்ளையிடம் உத்தரவு வாங்கிக்கொண்டா பெற்றவன் கடைக்குப் போவான்?

ஒரு வெள்ளிக்கிழமை சாமான் வாங்கக் கிளம்பினோம். மாப்பிள்ளையின் அம்மா அமிர்தவல்லி, மோதிர அளவோடு கல்பாக்கத்திலிருந்து வந்திருந்தார். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் மூன்று கடையையும் முடித்தாக வேண்டும் என்று நைனா எங்களைக் கிட்டத்தட்ட ஓட்டிக்கொண்டு போனார். நகைக்கடையில் மாப்பிள்ளை மோதிரம். கார்டு ஓடியது. எதிர்ச்சாரியில் கூறைப்புடவை. ஓடியது. நான் நிறம் பார்ப்பதற்குள் பில் போட்டாகிவிட்டது. அந்தப் புடவையின் அரக்கு நிறம் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

வெள்ளிப் பாத்திரக் கடையில் நின்றுபோயிற்று. பாங்க்கில் வேண்டாம் என்கிறார்கள் என்று கடைக்காரர் தயங்கிக்கொண்டே சொன்னார். நைனா இன்னொரு தரம் தேய்க்கச் சொன்னார். மறுபடியும் சொன்னார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அமிர்தவல்லி அம்மாள் சத்தமில்லாமல் கைப்பையைத் திறந்து, "நான் குடுக்கறேன் சம்பந்தி, அப்பால பாத்துக்கலாம்" என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நைனாவுக்கு அதுதான் தாங்கவில்லை. "எம்புள்ள பில்லு கட்டாம வுட்டுட்டு இருப்பான். சின்ன வயசுலேருந்தே அவன் கையில காசு தங்காது" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அண்ணன் பத்தாவது படிக்கும்போது பரீட்சைப் பணத்தில் கிரிக்கெட் மட்டை வாங்கினான். அதற்கு அப்புறம் அவனை ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் நைனா மனசில் அந்த மட்டை அப்படியே நின்றுகொண்டிருந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை மறுத்திருக்கலாம். சம்பந்தியம்மாள் எதிரில் பெண் பேசக்கூடாது என்று பொம்மை மாதிரி நின்றேன்.

வாய் விட்ட வார்த்தை கல்பாக்கம் போய்ச் சேர்ந்தது. பத்திரிகை வைக்கப்போன இடத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா அண்ணன் தோளில் கைபோட்டு, "கடன்ல மாட்டிக்கினியாமே தம்பி, எவ்ளோ?" என்று கேட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தான். கத்துவான் என்று நினைத்தேன். ஆபீசில் பேசுகிற அதே குரலில் விளக்கினான். ஒவ்வொரு செலவுக்கும் அங்கே மெஷின் மார்க் போடுமாம். எப்போதும் வெளியே வராத கார்டு திடீரென்று வந்தால் கொஞ்சம் மார்க். நகை என்றால் இன்னும் கொஞ்சம். அடுத்தடுத்த கடையில் அவசரமாகத் தேய்த்தால் மேலே ஏறும். மார்க் ஏற ஏறச் சந்தேகம். கார்டைத் திருடியவன், அதன் சொந்தக்காரர் கண்டுபிடிப்பதற்குள் அப்படித்தான் வாங்கித் தள்ளுவானாம். நிறுத்திவிட்டு அண்ணன் செல்லுக்குக் கூப்பிட்டுமிருக்கிறார்கள். அவன் ஆபீசில் செல்லை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஒரு பாக்கியும் இல்லை என்றான்.

நைனா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்போ அது என்னையே திருடன்னு நெனச்சிகிச்சா?" என்றார்.

"அதுக்கு உன்ன யாருன்னு தெரியாது நைனா. தெரியாதவங்கள சந்தேகப்படறதுதான் அதுக்கு வேல" என்றான் அண்ணன். செருப்பை மாட்டிக்கொண்டான். "உனுக்கு என்ன யாருன்னு தெரியும் இல்ல?"

அவன் போன பிறகு நைனா, சம்பந்தியம்மாளிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்று என்னிடம் சொன்னார். இன்றைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி என்று தள்ளிக்கொண்டே போனார். மோதிரம் வாங்க அரைமணி பொறுக்காதவர், இதற்கு மட்டும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருக்கழுக்குன்றத்தில் கல்யாணம். அண்ணன் விடியலிலேயே வந்தான். பந்தல்காரனோடு பேசினான், பெரியவர்களுக்குக் காபி கொடுத்தான். மணையில் என் கையில் பொரி போட்டான். அவன் விரல் என் உள்ளங்கையில் கொஞ்சநேரம் தங்கியது. முதல் பந்திக்கு இலை போட்டபோது, ஆபீசில் அவசரம் என்று சொல்லிப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். அன்று ஞாயிற்றுக்கிழமை. என்னிடமே அவன் லீவு நாள் என்று சொல்லியிருந்தான்.

நைனா பந்தி நடுவில் எழுந்து நின்றார். "சம்பந்தியம்மா, அன்னிக்கு எம்புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அமிர்தவல்லி அம்மாள் வாசல் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் புள்ள இருக்கசொல்ல இத சொல்லியிருக்கக் கூடாதா சம்பந்தி?"

நைனா உட்கார்ந்தார். பக்கத்தில் அண்ணனுக்குப் போட்ட இலையில் எல்லாம் பரிமாறியிருந்தது. பந்தி முடிந்து எடுக்க வந்தவரை, வேண்டாம், இருக்கட்டும் என்று கையால் தடுத்தார்.